இருபத்தைந்து நிமிடம் அண்ணா உட்கார்ந்திருந்தார்

அண்ணா ஆசார்யன் திருவடி அடைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை அவர் மனைவி, என் மன்னி, என்னிடம் கொடுத்தார். "எல்லாம் உங்க நோட்டுலதானே இருக்கு, நீங்களே எழுதிடுங்கோ" என்றார். அண்ணாவின் நோய்க்காலத்தில் நான் எழுதிவந்த நோட்டுகள் இருக்கின்றன. மொத்தம் பதினொன்று. ஒரு மாதமாகத் தினமும் ஒன்றை எடுத்துப் பிரிப்பதும் இரண்டு பக்கத்தில் மூடி வைப்பதுமாக இருக்கிறேன். அந்த நாட்களுக்குள் மறுபடி போய்வரத் தெம்பில்லை. ஆனால் எழுதச் சொல்லி அண்ணாவே என்னிடம் விட்டுச்சென்ற விஷயம் ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணா பிறந்தது ஸ்ரீரங்கம் வடக்கு உத்தர வீதியில். எங்கள் தகப்பனார் காலமானபோது அண்ணாவுக்குப் பத்தொன்பது வயது, எனக்கு ஏழு. கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டுப் பொன்மலை ரயில்வே பணிமனையில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். நாற்பது வருடம் அங்கேதான். அதில் பாதிக் காலம் காவிரிப் பாலம் தாண்டி சைக்கிளில் போய்வந்தார். என்னைப் படிக்க வைத்ததும் எனக்குக் கல்யாணம் செய்து வைத்ததும் அவரே. தமக்கென்று யாரிடமும் எதையும் கேட்டதில்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றாலும் எழுந்து போய்த் தாமே மொண்டு குடிப்பார். அப்படிப்பட்டவருக்கு, வாய்விட்டுச் சொல்ல முடியாத இடத்தில் நோய் வந்தது.

ஓய்வு பெற்ற ஆறாம் ஆண்டு புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்தது. திருச்சியிலேயே அறுவை சிகிச்சை. நல்லபடியாக நடந்தது. பன்னிரண்டாம் நாள் சிறுநீர்க் குழாயை எடுத்தார்கள். கட்டிலை விட்டு இறங்குவதற்குள் வேட்டி நனைந்துவிட்டது. "சில மாசம் இப்படித்தாங்க ஐயா இருக்கும், போகப்போக சரியாயிடும்" என்றார் நர்ஸ். அண்ணா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மன்னியைக் கிட்டே விடவில்லை. ஆகவே நான் மன்னார்புரத்திலிருந்து காலை ஐந்தரை மணிக்கெல்லாம் கிளம்பி ஸ்ரீரங்கம் வந்து, அவருக்கு வேண்டியதைச் செய்துவிட்டு அலுவலகம் போவேன். திரும்பும்போது மறுபடி ஒரு முறை. நோட்டில் நான்கு பத்திகள் போட்டேன்: குடித்த தண்ணீர், மாற்றிய பேட், பயிற்சி, கசிவு. முதல் வாரம் நாளொன்றுக்கு ஏழு பேட். தினமும் கோயிலுக்குப் போனவர், வெளிப்பிராகார ரங்கவிலாச மண்டபத்தோடு நின்று அங்கிருந்தே கைகூப்பிவிட்டுத் திரும்பினார்.

"உள்ள வாயேன் அண்ணா."

"இந்த ஒடம்போடயா? நீ போய் சேவிச்சுட்டு வா."

மூன்றாம் மாதம் வேதாவுக்கு வரன் அமைந்தது. அண்ணாவுக்கு நெடுநாள் கழித்துப் பிறந்த ஒரே பெண். நான்கு மாதம் தள்ளி முகூர்த்தம். எங்கள் வழக்கப்படி கன்னிகாதானத்தின்போது பெண், தகப்பனாரின் மடியில் உட்கார வேண்டும். பஞ்சகச்சத்தில், அத்தனை பேர் முன்னால், இருபது நிமிடத்துக்குக் குறையாது.

"எனக்குப் பதிலா நீ உக்காருடா. சித்தப்பா உக்காரலாம், கல்யாணம் பண்ணிவைக்கற வாத்தியாரைக் கேட்டுட்டேன்" என்றார்.

"வேதா ஏன்னு கேட்டா?"

"முதுகு வலின்னு சொல்லு."

"நான் சொல்ல மாட்டேன்."

"கொழந்தையோட கூறைப் பொடவைலடா..." என்றார்.

அதன் பிறகு ஒரு மாதத்தை நாங்களே வீணாக்கினோம். தவறு என்னுடையது. இடுப்பின் அடித்தசையை இறுக்கிப் பிடிக்கும் பயிற்சியை நாளைக்கு மூன்று வேளை, வேளைக்குப் பத்து முறை செய்யச் சொல்லியிருந்தார்கள். நான் நோட்டில் எண்ணிக்கையை எழுத எழுத, அண்ணா நேற்றையதை இன்று தாண்டப் பார்த்தார். முப்பது நூறாகி, இருநூறானது. எனக்கும் அது முன்னேற்றமாகத்தான் தெரிந்தது. இரண்டாக இறங்கியிருந்த பேட் ஐந்துக்கு ஏறியது. பிசியோதெரபி அம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"யார் சார் இதெல்லாம் எழுதுறது?"

"நான்தான்."

"நீங்க கொஞ்ச நாள் எழுதாம இருங்க, அவங்க தேறிடுவாங்க. தசை ஓஞ்சு போச்சு. இறுக்குறது மட்டும் பயிற்சி இல்லைங்க, விடுறதும்தான்."

பத்து நாள் அந்தப் பத்தியை வெறுமையாக விட்டேன். பேட் மறுபடி இரண்டுக்கு வந்தது.

கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருக்கையில் அண்ணாவே ஒத்திகை பார்க்கலாம் என்றார். பின்கட்டு அறையில் மணைபோட்டு உட்கார்ந்தார். நான் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை மடியில் வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். முதல் நாள் ஆறு நிமிடம். மறுவாரம் இரண்டு மூட்டை, பதினோரு நிமிடம். ஒருநாள் காபியோடு வேதா உள்ளே வந்துவிட்டாள். அப்பாவையும் மூட்டைகளையும் என் கடிகாரத்தையும் பார்த்தாள்.

"என்னப்பா, மூட்டைக்கும் கன்னிகாதானமா?"

"காலுக்கு எக்சர்சைஸ்டி."

"ரெண்டு மூட்டையா வெச்சிருக்கேள்? நான் அவ்ளோ குண்டா சித்தப்பா?" என்று சிரித்துக்கொண்டே டம்ளரை வைத்துவிட்டுப் போனாள். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

கல்யாணத்தன்று அண்ணாதான் உட்கார்ந்தார். அங்கவஸ்திரத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நான் பின்னால் நின்றேன். முடியாவிட்டால் விரலில் உள்ள தர்ப்பைப் பவித்திரத்தை இரண்டு முறை திருப்ப வேண்டும், நான் ஏதாவது சாக்குச் சொல்லி எழுப்பிவிட வேண்டும் என்று ஏற்பாடு. அண்ணா பவித்திரத்தைத் தொடவில்லை. தாரை வார்க்க மன்னி சொம்பைச் சாய்த்தபோது வேதாவின் முழங்கை பட்டு, சொம்புத் தண்ணீர் மொத்தமும் இருவர் மடியிலும் கொட்டியது.

"ஒரு சொட்டு விடச் சொன்னா சொம்பையே கவுத்துட்டேளே!" என்றார் வாத்தியார்.

"கை தட்டிடுத்து மாமா" என்றாள் வேதா.

"ஸ்ரீரங்கத்து சம்பந்தம், காவேரி வராம இருக்குமா!" என்று மாப்பிள்ளை வீட்டார் பக்கமிருந்து ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். வேதா எழுந்திருக்கவில்லை. மந்திரம் முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து நிமிடம். பிறகு அறையில் வேட்டி மாற்றும்போது, "கசிவு?" என்று கேட்டேன். "இல்ல" என்றார் அண்ணா. அப்படியே எழுதிக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் அவஸ்தை தீர்ந்துவிடவில்லை. புற்றுநோய் திரும்புகிறதா என்று பார்க்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ. ரத்தச் சோதனை, முடிவு வரும்வரை அண்ணாவுக்குச் சாப்பாடு இறங்காது. ஒரு பேட் என்பது பூஜ்யமாக மேலும் ஓராண்டு பிடித்தது. அதற்குப் பிறகுதான் மண்டபத்தைத் தாண்டி சந்நிதிவரை போனார். மருத்துவமனையில் காத்திருக்கும் புதியவர்களிடம் தாமே போய், "நான் ஏழுல ஆரம்பிச்சேன் சார்" என்று பேசத் தொடங்கியதும் அப்போதுதான். எதையும் யாரிடமும் சொல்லாத என் அண்ணா.

போன வருடம் இதயம் பழுதாகி ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தார். புற்றுநோய் திரும்பவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டார்.

"வேதா கல்யாணத்தன்னிக்கு நோட்டுல என்ன எழுதிருக்கே?"

"கசிவு இல்லைன்னு."

"தப்பு. பாதிலயே போயிடுத்துடா. பேடு தாங்கல. அவளுக்கு ஒடனே தெரிஞ்சுடுத்து, ஒரு நிமிஷம் அசையாம இருந்தா. அப்பறம்தான் சொம்பு."

"அவகிட்ட சொல்லலையா?"

"எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சுண்டிருக்கா. அந்த நெனைப்புலயே சந்தோஷமா இருந்தா, நானும் விட்டுட்டேன். நான் போனப்பறம் நீ எழுது. ஆபரேஷன் பண்ணிண்டவா நாலு பேர் படிக்கட்டும். அவளும் படிக்கட்டும்."

"நோட்டைத் திருத்தட்டுமா?"

தலையை மெல்ல ஆட்டி வேண்டாம் என்றார். இரண்டு நாள் கழித்து, விடியற்காலையில் போய்விட்டார்.

அண்ணாவுக்குச் சிகிச்சை செய்த மருத்துவர்களுக்கும் நர்சுகளுக்கும், என் நோட்டை மூடி வைக்கச் சொன்ன பிசியோதெரபி அம்மாவுக்கும், கேளாமலே தம் ஆட்டோ சீட்டில் மடித்த துண்டை விரித்து வைத்த அன்வர் பாய்க்கும், கதவுக்கு வெளியே நின்றே எல்லாம் பார்த்துக்கொண்ட மன்னிக்கும், காரியங்களுக்கு வந்திருந்து தாங்கிய உறவினர், நண்பர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

வேதா, அன்று கை தற்செயலாகத் தட்டவில்லை என்று உன் அப்பாவுக்குத் தெரியும். நோட்டில் அந்தப் பக்கத்தில் 'கசிவு: இல்லை' என்றுதான் இருக்கிறது. பதினொரு நோட்டுகளில், தவறென்று தெரிந்தும் நான் திருத்தாமல் வைத்திருப்பது அது ஒன்றைத்தான்.