பிரித்த தையல்

எங்கள் பழைய துணிக் கடையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். ஒரு கோட்டை உள்பக்கம் திருப்பினால் போதும், அதன் பூர்வீகத்தையே சொல்லிவிடுவாள். பை மூடிக்கு அடியில் வெளுக்காமல் இருப்பது பழைய நிறம். நூல் பளபளத்தால் பிற்பாடு யாரோ கைவைத்த இடம். அப்படிக் கைவைத்ததைப் பிரித்து, கோட்டை முதல் வடிவத்துக்குக் கொண்டுவருவது அவள் வேலை. இஸ்திரி போடுவது நான். அவள் வேகத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும்.

அவளுடைய அண்ணன் சண்டை போட்டுக்கொண்டு, அப்பாவின் கோட்டோடு வீட்டை விட்டுப் போனவன். பல வருடமாகத் தகவல் இல்லை. உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் அம்மாவும் மகளும் செத்துச் செத்துப் பிழைத்தார்கள். அம்மாவுக்குப் பார்வையும் போய்விட்டது.

அன்று வந்த சாம்பல் நிறக் கோட்டில் காலர், பித்தான் எல்லாம் மாறியிருந்தன. இரண்டு பக்கமும் உள்ளே பிடித்துத் தைத்திருந்தது.

"எவனோ கத்துக்குட்டி" என்று முனகியபடி சரசரவென்று பிரித்தாள். நூலைக் குப்பையில் தள்ளினாள். பிறகுதான் அக்குளுக்குள் பார்த்தாள். நீலத் துணியில் ஓர் ஒட்டு.

"அக்கா, இது நான் வெச்சது. என் ஸ்கூல் பாவாடைத் துணி."

குப்பைக் கூடையைத் தரையில் கவிழ்த்தாள். எல்லாக் கோட்டின் நூலும் ஒன்றாகக் கிடந்தது.

"தையல் எந்தப் பக்கம் சாஞ்சிருந்துச்சு? பாத்தியாக்கா?"

"நான் எங்க பாத்தேன்? நீதானே பிரிச்ச."

"அவன் இடது கைக்காரன். தச்சா சாய்வே வேற மாதிரி இருக்கும். அவன் கையான்னு ஒரு பார்வையில சொல்லியிருப்பேன். என் கையாலயே அழிச்சுட்டேனே."

துணியில் ஊசித் துளைகள் மட்டும் பக்கத்துக்கு இரண்டு வரிசையாக இருந்தன. போட்டிருந்தவன் இரண்டு முறை இளைத்திருக்கிறான். அது அவனா, வேறு யாராவதா? கோட்டு இருந்த மூட்டை எங்கிருந்து வந்தது என்று முதலாளிக்கே தெரியாது.

கோட்டை வீட்டுக்கு எடுத்துப் போனாள். நானும் கூடவே போனேன். அம்மா ஒட்டைத் தடவியதுமே கண்டுகொண்டாள். பிறகு பக்கங்களைச் சாணால் அளந்தாள். மெல்லச் சிரித்தாள்.

"அப்பா அளவு அப்படியே இருக்கு. புள்ள இளைக்கல. புதுசு வாங்கியிருப்பான், அதான் இதக் குடுத்துட்டான். எங்கயோ நல்லா இருக்கான், இல்லடி?"

பூதக்கண்ணாடி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாம்மா" என்றாள். "யாரும் பிடிச்சுத் தைக்கவே இல்ல."