சிக்னலுக்கு மேல் மாமாவின் தூக்கம்

என் மாமா ராத்திரி பஸ் டிரைவர். ஊரே தூங்கும்போது விழித்திருந்து, ஊரே விழித்திருக்கும்போது தூங்க வேண்டிய பிழைப்பு. அப்படிப்பட்டவர் வீடு பார்த்ததோ நாற்சந்தி சிக்னலுக்கு நேர் மேலே, முதல் மாடியில். "பஸ்ஸை விட்டு இறங்கினா வீடு" என்று அதற்கு ஒரு பெருமை வேறு.

பச்சை விளக்கு விழுந்ததும் கீழே எல்லா வண்டியும் சேர்ந்து ஹாரன் அடிக்கும். அத்தைக்கு அதுதான் நல்ல நேரம். மாமாவின் கட்டிலருகே நின்று துணி மடித்தபடி, மனதில் இருப்பதையெல்லாம் அந்த இரைச்சலில் கொட்டிவிடுவாள். சிவப்பு விழுந்ததும் வாயை மூடிக்கொள்வாள். நேருக்கு நேர் சொன்னால் மாமா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்பதால் அவளே செய்துகொண்ட ஏற்பாடு. அரைத் தூக்கத்தில் கண் திறக்கும் மாமாவுக்கு உதடு அசைவது மட்டும் தெரியும். திட்டுகிறாள் என்று திரும்பிப் படுத்துவிடுவார்.

போன வருஷம் ஒரு விடியற்காலையில் ஸ்டியரிங்கிலேயே கண் அசந்து, தடுப்புச் சுவரில் பஸ்ஸை உரசிவிட்டார். யாருக்கும் அடியில்லை. ஆனால் பஸ் கம்பெனி டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: "பகல்ல ஒழுங்கா தூங்குங்க. இல்லேன்னா வண்டி ஓட்டறதையே விட்டுடுங்க."

மாமா போய் யோசனை கேட்டது யாரிடம்? கண்டக்டரிடம். அவர் பேச்சைக் கேட்டு அறைச் சுவர் முழுக்க முட்டை அட்டையை ஒட்டினார். ஹாரன் இம்மியும் குறையவில்லை. பல்லிகள்தான் குடும்பத்தோடு குடியேறின. அத்தை பொறுமையிழந்து ஜன்னல் வேலை செய்பவரைக் கூட்டி வந்தாள். "காத்து நுழையற சந்துலதாங்க சத்தமும் நுழையுது" என்ற அவர், ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டு, கதவு ஓரமெல்லாம் ரப்பர் பட்டை ஒட்டி, கதவடி இடுக்கையும் அடைத்தார்.

கதவைச் சாத்தினால் தெருவே காணாமல் போனது. மாமா அடித்துப் போட்டாற்போலத் தூங்கினார். தலைவலி போனது, சிடுசிடுப்பு போனது, ரத்தக் கொதிப்பும் இறங்கியது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஜன்னலைக் காட்டிப் பீற்றிக்கொண்டார், ஏதோ முட்டை அட்டை என்ற பேச்சே இந்த வீட்டில் எழாததுபோல.

ஒரு நாள் மத்தியானம் மாமா கட்டிலில் அரைத் தூக்கத்தில் இருக்க, அத்தை பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி வழியாகப் பச்சை விளக்கு தெரிந்தது. பழக்க தோஷம், வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னா கேக்கறதே இல்ல. நீங்க வீடு வந்து சேர்ற வரைக்கும் நான் உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். உங்களுக்கு ஒண்ணுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

மாமா எழுந்து உட்கார்ந்தார். "இத்தனை வருஷமா நீ என்னைத் திட்டறேன்னுல்ல நெனச்சேன்!"

அத்தைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "திட்டத்தான் செஞ்சேன். நடுநடுவுல இதையும் சொல்லுவேன்."

சத்தமே இல்லாத அந்த அறையில் அன்று மாமாவுக்குப் பொட்டுத் தூக்கம் வரவில்லை. சாயங்காலம் டெப்போவுக்குப் போன் போட்டு, "இன்னிக்கு நான் தூங்கல. வண்டி எடுக்க மாட்டேன்" என்றார். அத்தை பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.