சாச்சாவுக்குக் கிடைத்த கறிமீன்

பிள்ளைகளே, சாச்சாவுக்கு மாதாமாதம் வரும் அரசாங்கக் கொடுப்பனவு நடுவில் நின்றுபோனது உங்களுக்குத் தெரியும். அந்த நாட்களில் வாப்பா நான் ஏன் ஓர் இடத்தில் இருக்காமல் முற்றத்துக்கும் ரோட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தேன் என்று கேட்டீர்கள். அப்போது சொல்ல வாய் வரவில்லை. இப்போது எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பிழை இருந்தால் திருத்திக்கொண்டு படியுங்கள்.

நீங்கள் பிறக்க முன்னர் என் தம்பி, உங்கள் சாச்சா, காற்றுச் சிலிண்டர் கட்டிக் கடலட்டைக்கு மூழ்கப் போனவர். ஆழத்தில் இருந்து மெல்ல மெல்லத்தான் மேலே வர வேண்டும். ஒரு நாள் அவசரமாக ஏறிவிட்டார். படகில் வைத்தே கால் விறைத்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியவில்லை. அன்றிலிருந்து சில்லுக் கதிரைதான். சிறுநீர் போவது அவருக்குத் தெரியாது, அதற்குக் குழாயும் பையும் வேண்டும். உட்கார்ந்தே இருப்பதால் இடுப்புக்குப் பின்னால் புண் வரும், அதற்கு மருந்தும் துணியும் வேண்டும். கொடுப்பனவு முழுக்க அதற்குத்தான். நான் த்ரீவீல் ஓடிக் கொண்டுவருவது எங்கள் எல்லாருடைய சோற்றுக்கும். அந்தக் காசு சாச்சாவின் உடம்புக்கு.

ஆனால் அவருடைய கை இரண்டும் இரும்பு மாதிரி. அதுதான் வினையாகப் போனது.

கண்டக்குழிப் பக்கத்துக் கடற்கரையில் கரைவலை இழுப்பதை நீங்கள் நாள் தவறாமல் பார்க்கிறீர்கள். வலை கரை ஏறியதும் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் பங்கு, இழுத்தவர்களின் பங்கு என்று பிரிக்க முன்னர், அங்கே நிற்கிற எல்லாருக்கும் கொஞ்சம் மீன் கொடுப்பார்கள். ‘கறிக்கு’ என்று சொல்லிக் கொடுப்பது அதுதான். புருசன் இல்லாத பொம்பளை வந்து நின்றாலும் உண்டு, பள்ளிவாசல் மோதினார் வந்தாலும் உண்டு, வழியே போகிறவன் நின்று பார்த்தாலும் உண்டு. ஏன் வந்தாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

சாச்சா மட்டும் சும்மா வாங்கமாட்டார். கயிற்றில் கை வைக்காமல் மீனைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆகவே நாலு பேர் அவரை ரோட்டில் இருந்து தூக்கிக்கொண்டுபோய், பழைய டியூப் ஒன்றில் காற்றடித்து அதன்மேல் இருத்துவார்கள். சில்லுக் கதிரை மணலில் புதையும், அது தென்னைக்குக் கீழேயே நிற்கும். இழுத்து முடிந்த கயிற்றின் வால் அவர் மடிக்கு வரும். அவர் அதைச் சுருட்டுவார். வலை முடிந்ததும் அதே நாலு பேர் தூக்கிவந்து கதிரையில் இருத்துவார்கள். மடியில் கறிமீன் இருக்கும்.

கொடுப்பனவு வாங்குகிறவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்து எழுத ஓர் இளம் உத்தியோகத்தர் வந்த நாள், நான் ஹயர் போயிருந்தேன். சாச்சா கடற்கரையில். உங்கள் உம்மா வழி காட்டி அனுப்பினா. அந்தத் தம்பி வெளியூர்ப் பிள்ளை, மோட்டார் சைக்கிளை ரோட்டில் விட்டுவிட்டுச் சப்பாத்தோடு மணலில் நடந்து போயிருக்கிறார். அங்கே போனால், சட்டை இல்லாமல் ஓர் ஆள் கையை மடக்கி மடக்கிக் கயிறு சுருட்டுகிறார். தூக்கிவந்த நாலு பேரையும் அவர் காணவில்லை. தென்னைக்குக் கீழே நின்ற கதிரையையும் காணவில்லை.

“இவர் என்ன வேலை செய்றார்?” என்று கேட்டாராம்.

“இவர் இல்லாட்டி எங்கட வலை கரை ஏறாது மாத்தயா” என்று சம்மாட்டி சொன்னார். இழுத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

“நீங்க சொல்லுங்க, என்ன தொழில்?”

சாச்சாவும் சிரித்துக்கொண்டே, “கரைவலைதான். தவறாம வாறன்” என்று சொல்லிவிட்டார்.

வேறென்ன சொல்வார்? அத்தனை பேருக்கு நடுவில், முன்பின் தெரியாத ஒருவர் வந்து தொழில் என்ன என்று கேட்டால், எங்கள் ஊரில் எந்த ஆம்பிளை ‘நான் ஒன்றுக்கும் ஏலாதவன்’ என்பான்? பக்கத்தில் நிற்கிறவனும்தான் அப்படிச் சொல்ல விடுவானா? அந்தத் தம்பி கையில் இருந்த டெப்பின் திரையில் ஏதோ தட்டி எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த மாதம் காசு வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. கிராம சேவகரிடம் போனேன். அவர் கொம்பியூட்டரைப் பார்த்து வாசித்தார்: நடமாடக்கூடியவர், மீன்பிடித் தொழிலில் ஈடுபடுகிறார், வருமானம் உண்டு.

“நடமாடக்கூடியவரா?” என்றேன். “ஐயா, உங்களுக்கு அவரைத் தெரியும்தானே.”

“எனக்குத் தெரியும். இதுக்குத் தெரியாதே” என்று கொம்பியூட்டரைக் காட்டினார். நல்ல மனிசன். மேன்முறையீடு செய்யச் சொன்னார். டொக்டரின் துண்டு வேண்டும், இவர் அங்கே சம்பளத்துக்கு வேலை செய்யவில்லை என்று வலைக்காரர் வந்து சொல்ல வேண்டும், சாச்சாவும் நேரில் வர வேண்டும்.

டொக்டரின் துண்டு கஷ்டம் இல்லை. சம்மாட்டியிடம் போனேன். கடற்கரைக் குடிசையான வாடியில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

“அவன் ஒண்டுக்கும் உதவாதவன், நாங்க பிச்சை போட்டோம் எண்டு நான் போய்ச் சொல்றதா?” என்றார். “அவன்ட மூஞ்சியில பிறகு எப்படி முழிக்கிற?”

“அவரால ஏலாதுதானே.”

“ஏலாதுதான். அதச் சொல்ல வேற ஆளப் பாரு.”

வீட்டுக்கு வந்து சாச்சாவிடம் சொன்னேன். அவர் அதைவிட மோசம். மூத்தவன் என்று என்னை எப்போதும் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவார். “அந்தக் கயிறு ஒண்டுதான் நானா எனக்கு மிச்சம். அதையும் பொய்யெண்டு எழுதிக் குடுக்கப் போறீங்களா?” என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த நாளில் இருந்து கடற்கரைக்கும் போகவில்லை. தூக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்.

அங்கிருந்துதான் எனக்கு இருப்புக் கொள்ளாமல் போனது. இருந்தால் எழும்பத் தோன்றும், எழும்பினால் எங்கே போவதென்று தெரியாது. பயணி இல்லாமல் ஆலங்குடா வரைக்கும் ஓடிவிட்டுத் திரும்புவேன். தொலைபேசி சும்மா கிடந்தாலும் எடுத்துப் பார்ப்பேன். தொழுகையில் நிற்கும்போதுகூட மேன்முறையீட்டுக்குக் கடைசி நாள்தான் மனதில் ஓடும்.

“இஞ்ச பாருங்க” என்றா உம்மா ஒரு நாள், “நீங்க நடக்கிற நடைக்கு முற்றத்தில பாதை விழுந்திரிக்கி. அந்த நடைய ஒபிஸுக்கு நடந்தா காசாவது வரும்.”

“ரெண்டு பேரும் வாய் திறக்கமாட்டாங்களாம். நான் ஒபிஸில போய் யாருட வாயால கதைக்கிற?”

உம்மா வாளிப்பக்கம் குனிந்தா. கழுவிய மருந்துத் துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தா. ஒரு தடவை கட்டி எறிய வேண்டிய துணியை அவித்துக் காயவைத்து மறுபடியும் கட்டிக்கொண்டிருந்தோம். பையையும் மாற்ற வேண்டிய நாளில் மாற்றவில்லை. எனக்குத் தெரியாமல் இல்லை. கொடியில் கிடந்ததைப் பார்த்த பிறகு முற்றத்தில் நடக்கவும் முடியவில்லை.

அந்தக் கிழமையே சாச்சாவுக்குக் காய்ச்சல். புண் பழுத்து நாற்றம் வந்தது. ஆஸ்பத்திரியில் மறித்து வைத்தார்கள். சம்மாட்டி பார்க்க வந்தார். நேர்ஸ் திரையை விலக்கித் துணியை மாற்றியபோது அவர் கண்டுவிட்டார். இத்தனை வருசமாகத் தூக்கித் தூக்கி இருத்தியவருக்கு, சாரத்துக்குக் கீழே அப்படி ஒன்று இருப்பது அன்றுதான் தெரியும். வெளியே வந்து என் தோளைப் பிடித்து, “எண்டைக்கு ஒபிஸுக்குப் போற?” என்று மட்டும் கேட்டார்.

சாச்சாவுக்குக் காய்ச்சல் விட்டதும், கட்டிலில் இருந்தே, “சரி நானா, போவம்” என்றார். நான் மறுபடி கேட்கவில்லை. மனது மாறிவிடும் என்று பயம்.

விசாரணை நாளன்று மூன்று பேரும் என் த்ரீவீலில் போனோம், கதிரையை மேலே கட்டிக்கொண்டு. விசாரித்தவர் ஒரு மிஸ். தமிழும் சிங்களமும் கலந்து மரியாதையாகக் கதைத்தா. டெப் கொண்டுவந்த தம்பியும் பக்கத்தில் இருந்தார்.

“இவருக்கு நீங்க ஒவ்வொரு நாளும் மீன் குடுக்கிறீங்க. அது கூலியா, தர்மமா?” என்று மிஸ் சம்மாட்டியிடம் கேட்டா.

நான் சாச்சாவைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்தேன்.

சம்மாட்டி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “ரெண்டும் இல்ல மிஸ். அது கறிக்கு. கரையில நிக்கிற எல்லாருக்கும் குடுக்கிறது. கூலியெண்டா பங்கு வேற, அதில இவருக்குப் பேர் இல்ல.” பிறகு அந்தத் தம்பியைக் காட்டினார். “அண்டைக்கு இந்த மாத்தயாவும் வந்து நிண்டார். அவருக்கும் ஒரு பை குடுத்தோம். அப்ப அவரும் எங்கட வலையில வேலை செய்றவர்தானா?”

மிஸ் அந்தத் தம்பியைத் திரும்பிப் பார்த்தா. தம்பியின் காது சிவந்துவிட்டது. “சூடை மீன் மிஸ்” என்றார் மெல்ல. மிஸ் சிரிப்பை அடக்கமாட்டாமல் கடதாசியால் வாயை மறைத்தா. எங்களுக்கும் சிரிப்பு வந்தது, சாச்சாவுக்கும்தான். பல நாளைக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

ஆனால் அதோடு முடியவில்லை. “தொழில் இல்லையெண்டு எழுதலாம்” என்றா மிஸ். “நடமாட ஏலாது எண்டும் எழுதோணுமெண்டா, இவர் தன்ட வாயால சொல்லணும். காலையில எழும்பினதில இருந்து என்னென்ன தனியச் செய்வீங்க, எதுக்கு ஆள் வேணும், ஒண்டு விடாமச் சொல்லுங்க.”

சாச்சா சில்லைப் பிடித்துக் கதிரையைக் கொஞ்சம் திருப்பினார். பிறகு என்னைப் பார்த்தார். “நானா, நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய நில்லுங்க.”

அவரைக் கழுவி விடுகிறவன் நான். குழாயைக் கொழுவி விடுகிறவன் நான். எனக்குத் தெரியாத எதை அவர் அங்கே சொல்லப் போகிறார்? ஆனாலும் எழும்பி வந்தேன். செய்வது வேறு, அதை அவர் சொல்ல நான் இருந்து கேட்பது வேறுபோலும். கதவு சாத்தினார்கள். சம்மாட்டி வாங்கில் உட்கார்ந்தார். நான் அந்த நடைபாதையில் போவதும் வருவதுமாக இருந்தேன். காவலாளி இரண்டு தடவை, “இரிங்க நானா, தலை சுத்துது” என்றார். கதவுக்குப் பக்கத்தில் வரும்போதெல்லாம் நடையை மெதுவாக்கினேன். ஒன்றும் கேட்கவில்லை, அவருடைய குரல் ஒரே மட்டத்தில் போய்க்கொண்டிருந்தது மட்டும்தான்.

கதவு திறந்தபோது அவர் முகம் கழுவியதுபோல் இருந்தது. மிஸ் எழும்பி வந்து கதவைப் பிடித்துக்கொண்டா. “தேத்தண்ணி குடிப்பம் நானா” என்றார் சாச்சா. குடித்தோம். உள்ளே என்ன சொன்னார் என்று நான் இதுவரைக்கும் கேட்கவில்லை. நீங்களும் கேட்க வேண்டாம்.

முடிவு வர நாளானது. அது வரைக்கும் நான் நடந்த நடையை உம்மாவிடம் கேளுங்கள். கடைசியில் கிராம சேவகரே தொலைபேசியில் கோல் எடுத்து, திருத்திவிட்டார்கள், அடுத்த முறையில் இருந்து காசு வரும் என்றார். வந்தது. புதுத் துணி வாங்கினோம், புதுப் பை வாங்கினோம். புண்ணும் ஆறிக்கொண்டு வருகிறது, அல்ஹம்துலில்லாஹ்.

சம்மாட்டி வீட்டுக்கு வந்து சாச்சாவிடம், “என்ன மகன், நானா வீட்டுச் சோறு ருசியா? கயிறு சிக்கிப்போய்க் கிடக்குது, வா” என்று கையோடு கூட்டிப்போனார். இப்போது சாச்சா மறுபடியும் போகிறார்.

ஆனால் ஒன்று மாறிவிட்டது, அதனால்தான் இதை எழுதுகிறேன். இப்போது கயிற்றைத் தொட முன்னர் அவர் ரோட்டைப் பார்க்கிறார். “அந்த மோட்டார் சைக்கிள் யாருட நானா?” என்று கேட்கிறார். நேற்றும் கேட்டார். தூரத்தில் ஒருவர் தோளில் பையோடு மணலில் வந்துகொண்டிருந்தார். சாச்சா மடியில் இருந்த கயிற்றை மெதுவாக மணலில் வைத்துவிட்டு, வேலை இல்லாதவர்போல் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

“பட்டத்தைப் பிடிச்சுக் கடலில சறுக்கி விளையாடுற வெள்ளைக்காரன்” என்றேன் நான்.

“தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்.”

அந்த ஆள் எங்களைத் தாண்டிப் போய், தண்ணீர் ஓரத்தில் பையை அவிழ்த்துப் பட்டத்தை வெளியே எடுக்கும் வரைக்கும் கயிறு மணலிலேயே கிடந்தது.