ஒரே குரலில் எல்லோரும்

“எஜே, இனிமே உங்க கடைக்கு யாரு வருவா?” என்று பெரிஸாத் தன் கைப்பேசியை நீட்டிக் காட்டினாள். “மாசச் சந்தா ரெண்டு பாக்கெட் தேயிலை விலைதான். நினைச்ச நேரத்துல நினைச்ச படம். திருட்டுப் பிரதி எதுக்கு?”

கிர்கிஸ்தானின் கரகோல் சந்தையில் பென்டிரைவில் படம் ஏற்றித் தரும் ஷைர்கானை எல்லோரும் ‘எஜே’, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் நிமிரவே இல்லை.

“கிர்கிஸ்ல பேசுமா?”

“ரஷ்ய மொழியில பேசும்.”

“மேய்ச்சல் மலையில, சிக்னல் இல்லாத இடத்துல?”

பெரிஸாத் கைப்பேசியைப் பைக்குள் போட்டாள்.

“ரெண்டு மொழி படிச்சவ. ஒண்ணுலயும் பதில் வரலையேடி!”

ஆனால் பெரிஸாத் சொன்னதுதான் நடந்தது. கையருகே கிடைப்பதை யார் திருடுவார்கள்? ஒரே குளிர்காலத்தில் நகரத்து வாடிக்கையாளர்கள் நின்றுவிட்டார்கள். ஆடு மேய்ப்பவர்கள் மட்டும் வந்தார்கள். அவர்களுக்காகத்தான் ஷைர்கான் படங்களுக்குக் கிர்கிஸ் குரல் கொடுத்தாள்.

அதை ஒருநாள் பெரிஸாத் பார்த்தாள். ஷைர்கானின் வீட்டுக்குப் பின்னால் ஓடாமல் நின்ற பழைய லாடா கார், மேலெல்லாம் கம்பளம். வெளிச்சத்தம் புகாத அந்த இருட்டில், மடியில் கணினியோடு ஷைர்கான். கையில் ஒரு தாள்கூட இல்லை. ரஷ்ய மொழியைக் கேட்கக் கேட்கக் கிர்கிஸில் சொன்னாள். சாகும் அரசன், மணப்பெண், துரோகி, எல்லோருக்கும் ஒரே குரல், ஏற்றமில்லை, அழுகையில்லை. கால் மணி நேரத்தில் அந்தக் குரலே காதில் விழாமல் போயிற்று; மணப்பெண்தான் பேசினாள். இப்படி நானூறு படங்கள்.

பிறகு அந்தக் கைப்பேசிச் சேவையிலும் கிர்கிஸ் வந்தது, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித்தனிக் குரலோடு. அதில் ஒன்றைப் பிரதியெடுத்து எசென்பாய் என்ற மேய்ப்பனிடம் ஷைர்கான் கொடுத்தனுப்பினாள். ஒரே வாரத்தில் திரும்பி வந்தான்.

“கெட்டுப்போன படத்தைக் குடுத்துட்டீங்களே, எஜே! ஆளுக்கொரு குரல்ல பேசுறான். இதுல யார் சொல்றத நம்புறது?”

ஷைர்கான் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

அந்த வசந்தத்தில் சந்தை அலுவலகம் அறிவித்தது: மே மாதத்துக்குள் திருட்டுப் பிரதிகளை அழிக்காத கடைக்குப் பூட்டு. சட்டம் நியாயமானதுதான் என்று பெரிஸாத்துக்குத் தெரியும். மந்தைகள் மலையேறுவதும் மே மாதத்தில்தான்.

ஷைர்கான் யாரையும் திட்டவில்லை. நானூறு படங்களிலிருந்தும் தன் குரலை மட்டும் பிரித்து ஒரு வன்வட்டில் ஏற்றி, பெரிஸாத்தின் வீட்டுக்கு வந்தாள்.

“அந்தச் சேவைக்காரங்களுக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடுடி, ரெண்டு மொழியிலயும். குரலைச் சும்மாவே எடுத்துக்கட்டும், என் பேர்கூட வேண்டாம். சிக்னல் இல்லாத எடத்துக்கு எடுத்துட்டுப் போற மாதிரி மட்டும் படத்தக் குடுக்கச் சொல்லு. மந்தை மலை ஏறுறதுக்குள்ள.”