புல்லி லேசு, மூட்டை கனம்

என் நண்பன் தன் ஸ்போர்ட்ஸ் காரில் என்ஜின் பெல்ட்டைச் சுற்றும் சக்கரத்தை மாற்றி, எடை குறைந்த கிராங்க் புல்லி மாட்டியிருக்கிறான். என்ஜின் வேகமாகச் சுற்றுமாம். இன்று போடிமெட்டு மலை ஏற்றத்தில் சோதனை.

கிளம்பும்போது அவன் மாமனார் வந்தார்.

"மாப்ளே, சும்மாதானே மேல போறீங்க? இந்த ரெண்டு உர மூட்டையத் தோட்டத்துல போட்டுட்டுப் போங்க."

எங்கள் ஊரில் மலைக்கு எந்த வண்டியும் வெறுமனே ஏறாது. ஏற்றினான்.

ஏற்றத்தில் கார் முக்கி முனகியது. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய ஜீப்பு எங்களை முந்தியது.

மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பினோம்.

"பாத்தியாடா, புல்லி வேல செய்யுது! பறக்குது!"

இறக்கத்தில் கட்டை வண்டியும் பறக்கும். அவனிடம் சொல்லவில்லை.

மாமனாரிடம் சொன்னேன்: "புதுப் புல்லி போட்டதுல லோடு நல்லா இழுக்குதுய்யா."

நாளைக்கு நாலு மூட்டையாம்.

மலைக்கு லோடு அனுப்ப வேண்டியவர்கள் கமென்டில் சொல்லுங்கள்.