ஒரு கைப்பிடி பழைய மரச்சீவல்

என் தம்பிக்கு எங்கள் தெருவில் 'எலி டாக்டர்' என்று பெயர். அவன் எலிக்கு வைத்தியம் பார்க்கிறான் என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், எலியை ஒழிக்கிறான் என்று மீதிப் பேர். ஒருமுறை எதிர்வீட்டு அம்மா என் தையல் கடைக்கு வந்து, "சமையலறையில ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கும்மா, உன் தம்பியை ஒரு நடை வந்துட்டுப் போகச் சொல்லேன்" என்று கெஞ்சினார். அவனிடம் சொன்னேன். சிரிப்பான் என்று பார்த்தால், "வெள்ளையா, கறுப்பா?" என்று கேட்கிறான். இந்த ஜென்மத்தோடுதான் நான் ஒரே வீட்டில் வளர்ந்தேன்.

உண்மையில் அவன் மருத்துவ ஆராய்ச்சியாளன். உடம்பு தன்னைத்தானே தாக்கிக்கொள்கிற நோய்கள்தான் அவன் படிப்பு. எனக்குப் புரியவைக்க என் மேஜையிலிருந்தே உதாரணம் எடுத்தான். "ஓரத்துல நீட்டிக்கிட்டு இருக்கிற பிசிறை வெட்டப்போன கத்தரிக்கோல் சட்டையையே வெட்டிட்டா எப்படி இருக்கும்? அப்படித்தான் அக்கா. கிருமியைக் கொல்ல வேண்டிய அணுக்கள் நம்ம சதையையே தாக்க ஆரம்பிச்சிடும். தாக்கின இடம் வீங்கும், வெந்துபோகும், கடைசியில அழிஞ்சிடும்." மூட்டில் நடந்தால் மூட்டு வாதம். கணையத்தில் நடந்தால் சர்க்கரை நோய். பெரியவர்களுக்கு வயிறும் வயதும் கூடி வருகிறதே, அது இல்லை. இது பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளைத் தேடி வருகிறது.

வெகுகாலம் அவன் மூட்டு வீக்கத்தைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தான். என் பெரிய மகள் வகுப்பறையில் மயங்கி விழுந்த அன்று அது மாறியது. அதற்கு முன் சில வாரங்களாக அவள் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், துரும்பாக இளைத்தாள். வளர்கிற பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்று நான் இருந்துவிட்டேன். தெருமுனை டாக்டர் வயிற்றுக் கோளாறு என்று மருந்து கொடுத்தார். கடைசியில் அவளை ஸ்ட்ரெச்சரில் வைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் கண் திறக்கும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை என் தம்பி அவளுக்கு எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிட்டிருந்தான். "ஊர்ப்பட்ட எலியையெல்லாம் பாக்குறே, உன் அக்கா பொண்ணைப் பாக்கத் தெரியலையேடா!" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோர் முன்னாலும் கத்தினேன். கொஞ்ச நாளில் அவன் மூட்டு ஆராய்ச்சியை விட்டுவிட்டுக் கணையத்துக்கு மாறிவிட்டான்.

அதோடு நின்றானா? சின்னவளுக்கும் ரத்தம் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

"நல்லா ஆடிப்பாடிக்கிட்டு இருக்கிற பிள்ளைக்கு எதுக்குடா ஊசி?"

"நல்லா இருக்கும்போதே பாத்துடணும் அக்கா."

ரத்தப் பரிசோதனை முடிவோடு கடைக்கு வந்தவனின் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இப்போ இவளுக்குச் சர்க்கரை இல்ல. ஆனா கத்தரிக்கோல் உள்ள போயிருச்சு. ரத்தத்துல அதுக்கான அடையாளம் இருக்கு."

"எப்போ வரும்?"

"சொல்ல முடியாது. அடுத்த வருஷமே வரலாம். ரொம்ப வருஷம் கழிச்சும் வரலாம்."

"வராமலே போயிடாதா?"

"அதுக்குத்தான் அக்கா வேலை செய்றேன்" என்றான். சின்னவள் கடை வாசலில் பொத்தான் டப்பாவைக் கவிழ்த்து, நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

அவன் வேலை செய்கிற இடத்தை நான் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். அவனுடைய வெள்ளை அங்கிகளுக்குக் கை நீளத்தைக் குறைத்துத் தைத்து எடுத்துக்கொண்டு போனேன். தலைக்கு ஒரு தொப்பி, காலுக்கு ஓர் உறை மாட்டிவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். அடுக்கடுக்காகக் கண்ணாடி போன்ற பெட்டிகள், ஒவ்வொன்றிலும் மரச்சீவல் மெத்தை, ஒரு தண்ணீர் பாட்டில், நாலைந்து வெள்ளைச் சுண்டெலிகள். யாரும் ஒன்றும் செய்யாமல் தானாகவே இந்த நோய் வருகிற வம்சமாம் அது. என் தம்பி எலிகளை அழுக்குப் பெட்டியிலிருந்து சுத்தமான பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் மாற்றியபின் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, பழைய பெட்டியிலிருந்து ஒரு கைப்பிடி மரச்சீவலை அள்ளிப் புதியதில் போட்டான்.

"என்னடா இது? பெருக்கித் துடைச்ச வீட்டுல குப்பையைக் கொட்டுறே!"

"புது இடம்னா மிரளுவாங்க அக்கா. பழைய வாசனை கொஞ்சம் இருந்தா அடங்கிடுவாங்க. அந்தம்மா காதுல போட்டுடாதே, என்னைத் தொலைச்சிடுவாங்க."

அந்தம்மா என்றால் அந்த அறையின் பொறுப்பாளர். ஒரு தூசி இருந்தாலும் பெட்டியைத் திருப்பி அனுப்புகிறவர். எலிகளைக்கூட 'வாங்க போங்க' என்று பேசுகிற என் தம்பியைப் பார்க்க எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சின்ன வயதில் நாங்கள் வீடு மாறியபோது இவன் தன் தலையணை உறையைத் துவைக்க விடாமல் அழுது ஊரைக் கூட்டியவன். அந்த உறையின் நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

அப்போது அவன் கையில் ஒரு புது மருந்து இருந்தது. கணையத்தில் அந்த வீக்கம் வராமல் தணிக்கிற மருந்து. பாதிப் பெட்டிகளுக்கு அதைத் தண்ணீரில் கலந்து வைத்தான். அளவு தப்பக் கூடாது என்று அந்தப் பெட்டிகளின் வேலை முழுவதையும், சுத்தம் செய்வது உட்பட, தானே செய்தான். மீதிப் பெட்டிகளுக்கு வெறும் தண்ணீர். அவற்றை அந்தம்மா பார்த்துக்கொண்டார். மாதங்கள் போயின. வெறும் தண்ணீர் குடித்த எலிகள் வரிசையாக நோயில் விழுந்தன. மருந்து குடித்தவற்றில் பெரும்பாலானவை துள்ளிக்கொண்டு திரிந்தன.

அதைச் சொல்ல வந்த அன்று அவன் கடைக்குள் நடந்து வரவில்லை, மிதந்து வந்தான். நான் மிஷினை நிறுத்தினேன்.

"சின்னவளுக்கு அதுல கொஞ்சம் குடு."

"அக்கா, அது எலிக்கு."

"எலிக்கு நல்லது பண்ணுறது என் பிள்ளைக்குப் பண்ணாதா?"

"தெரியாது. திரும்ப ஒருமுறை பண்ணிப் பாக்கணும். அப்புறம் எத்தனையோ இருக்கு. இப்போ குடுத்தா அது தப்பு அக்கா."

"அதுக்குள்ள இவளுக்கு வந்துட்டா? எலிக்குக் காட்டுற கருணை உன் ரத்தத்துக்கு இல்லையாடா?"

தரமாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினான். என் கோபம் எனக்குத்தான் தெரியும். பெற்றவள் கேட்டேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இன்றைக்கும் கேட்பேன். "இனிமே என் மூஞ்சியில முழிக்காதே" என்று சொல்லிவிட்டேன்.

மானம் ரோஷம் உள்ளவனாக இருந்தால் வராமல் இருந்திருப்பான். இவன் அடுத்த ஞாயிறே வந்து நின்றான். வாரா வாரம் சின்னவளின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கையடக்கக் கருவியில் சர்க்கரையைப் பார்ப்பது அவன் வழக்கம். நான் கதவைத் திறந்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய் மிஷினைத் தடதடவென்று மிதிப்பேன். அவன் கூடத்தில் சின்னவளோடு விளையாடுவான், குத்துவான், எண்ணைப் பார்ப்பான். போகும்போது மிஷின் சத்தத்தையும் தாண்டி, "சரியா இருக்கு அக்கா!" என்று கத்திவிட்டுப் போவான். அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் வாரம் முழுக்கக் காத்திருந்தேன். அவனிடம் சொல்வேனா?

இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. பிறகு ஒரு பகல் வேளையில், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, வாடிக்கையாளர் உட்காரும் முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"மருந்து ஒண்ணும் செய்யல அக்கா."

பேசக் கூடாது என்றிருந்தது எனக்கு மறந்தே போனது. "என்னடா சொல்றே?"

விவரமாகச் சொன்னான். இரண்டாவது முறை பரிசோதனையை முழுக்க முழுக்க அந்தம்மாவிடமே விட்டிருந்தான். மருந்து குடித்த எலிகளும் நோயில் விழுந்தன, குடிக்காதவையும் விழுந்தன. மருந்து கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்து, புதிதாகத் தயாரித்துத் தானே எல்லாப் பெட்டிகளையும் பார்த்துக்கொண்டான். இந்த முறை மருந்து குடித்த எலிகளும் பிழைத்தன, வெறும் தண்ணீர் குடித்தவையும் பிழைத்தன.

"அப்போதான் என் கையைப் பாத்தேன் அக்கா. அந்தப் பழைய மரச்சீவல். அதுல இருக்கிற அழுக்கும் கிருமியும் பெட்டிக்குப் பெட்டி தொடர்ந்து வந்திருக்கு. அதுங்களோட மல்லுக்கட்டுறதுல அணுக்கள் கணையத்துப் பக்கமே போகல. அந்தம்மா பாத்த பெட்டியெல்லாம் பளிச்சுனு இருந்துச்சு, அதான் நோய் வந்துச்சு. சுத்தமான பெட்டியில இந்த எலிகளுக்கு நோய் அதிகமா வரும்னு வருஷா வருஷம் வகுப்புல பாடம் நடத்துறவனே நான்தான்."

எனக்குத் தலை சுற்றியது. "சரி, அப்போ அந்த அழுக்கையே கொண்டா. ஒரு மூட்டை கொண்டா. இவ கட்டில்ல கொட்டுறேன்!"

"அது எலிக்கு அக்கா" என்றான் மறுபடியும். இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். சிரிப்பு நின்றதும் நான் அழுதேன். அந்த மருந்து ஒருநாள் என் பிள்ளைக்கு வரும் என்றுதானே அவ்வளவு கோபத்திலும் இருந்தேன்! இப்போது கோபப்படக்கூட ஒன்றுமில்லை.

முதல் பரிசோதனையை வைத்து எழுதி, அச்சுக்குப் போகவிருந்த கட்டுரையை அவன் திரும்ப வாங்கிக்கொண்டான். 'மருந்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கிறோம் என்று சொல்லி இழுத்தடிக்கலாமே' என்று மேலதிகாரி சொல்லியிருக்கிறார். இவன் கேட்கவில்லை. ஆராய்ச்சியாளர்கள் கூட்டத்தில் மேடையேறி எல்லோர் முன்பும், தப்பு என் கையில் என்று அந்தக் கையையே தூக்கிக் காட்டிவிட்டு வந்தான். பிறகு பழையபடி முதலிலிருந்து ஆரம்பித்தான், வேறொரு மருந்தோடு.

ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் மாறவில்லை. ஒரு ஞாயிறு அவன் எண்ணைப் பார்த்துவிட்டுச் சத்தம் போடவில்லை. நான் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தேன். சின்னவளைச் சோப்புப் போட்டுக் கைகழுவச் சொல்லி வேறொரு விரலில் குத்தினான். மறுபடியும் பார்த்தான்.

"பையை எடு அக்கா" என்றான்.

அதே ஆஸ்பத்திரி, அதே வராந்தா. பெரியவள் உள்ளே போனபோது அவளுக்குத் தன் பெயரே தெரியாது. சின்னவள் தன் காலால் நடந்து, வாய் ஓயாமல் பேசிக்கொண்டு போனாள். எந்தக் கட்டில் என்று கேட்டாள், ஜன்னல் ஓரம் வேண்டும் என்றாள். முதல் இன்சுலின் ஊசியைப் பெரியவள் பக்கத்தில் நின்று, "கண்ணை மூடாதேடி, மூடினாத்தான் வலிக்கும்" என்று சொல்லிப் போடவைத்தாள். நர்ஸ் என்னிடம், "இவ்வளவு சீக்கிரமா எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க? யாரும் இப்படிக் கூட்டிட்டு வர்றதில்லையே" என்றார். அன்று நான் கேட்ட மருந்தை அவன் கொடுத்திருந்தால், அதை நம்பி நாங்கள் விரலில் குத்துவதை விட்டிருப்போம். இவளும் ஸ்ட்ரெச்சரில்தான் உள்ளே போயிருப்பாள்.

அவனைத் தேடினால் ஆளைக் காணோம். சாயங்காலம்தான் ஒரு துணிப்பையோடு வந்தான். நான் வீட்டிலிருந்து புதிதாகத் துவைத்துத் தேய்த்த தலையணை உறையைக் கொண்டுவந்து மாட்டியிருந்தேன். அதை உருவி என்னிடமே கொடுத்துவிட்டு, பைக்குள்ளிருந்து சின்னவளின் பழைய உறையை எடுத்து மாட்டினான். ஒரு மூலையில் மை கொட்டிய கறை, நான் துவைக்கிற துணியில் போட்டு வைத்திருந்தது.

"இவ்வளவு பட்டும் திருந்த மாட்டியாடா நீ?" என்றேன்.

"இங்க ஆராய்ச்சி ஒண்ணும் நடக்கல அக்கா" என்றான்.

சின்னவள் அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "மாமா, போயிடாதே" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள். அவன் போகவில்லை.