பூட்ஸைக் கழற்றச் சொன்னவன் நான்

உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரிக் காட்டிலிருந்து மூன்றாம் வகுப்புப் படிப்போடு மதுரைக்கு வந்தவன் நான். மண் சுமந்த தலையோடு ஒரு செங்கல் சூளை வைத்தேன். மச்சு வீடு கட்டினேன். இரண்டு கண்மாய்களுக்குக் கரை உயர்த்தினேன். எந்த மழைக்கும் அவை உடையவில்லை. "கையெழுத்தே கோணல், இவனெல்லாம் காண்ட்ராக்ட் எடுக்கிறானாம்" என்று சிரித்தவரின் வீட்டு அஸ்திவாரமும் நான் போட்டதுதான். டவுனில் ஒரு மிஷன் பள்ளிக்குக் கூடைப்பந்து மைதானமும் போட்டேன். அந்த ஆட்டத்தை அதற்கு முன் நான் கண்ணால் பார்த்ததில்லை. அதனால் என்ன? மண்ணை எனக்குத் தெரியும்.

செம்மண்ணும் கண்மாய் வண்டலும் கலந்து, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து, மாடு கட்டிக் கல் உருளையை இழுத்தேன். யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு அங்கே ஒரு பந்தயம் நடந்தது. ஆறு அணிகள். ஒவ்வொன்றும் மற்ற ஐந்தோடும் ஆட வேண்டும். முதல் நான்கு மட்டும் அடுத்த சுற்றுக்குப் போகும்.

முதல் நாளே போன வருஷம் கோப்பை வாங்கிய கல்லூரி அணி தோற்றது. ஆட்டத்தில் அவர்களில் மூன்று பேர் சறுக்கி விழுந்தார்கள். அத்தனை கூட்டத்துக்கு நடுவில் டிரில் வாத்தியார் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்னய்யா மேஸ்திரி, மைதானம் போடச் சொன்னா சறுக்குமரம் போட்டு வச்சிருக்க? பந்தயம் முடியட்டும், வேற ஆள விட்டுக் கொத்திப் போட்டுருவோம்."

நான் போட்ட மைதானத்தை இன்னொருவன் கொத்தினான் என்ற சேதி வெளியே போனால், அப்புறம் என்னை எவன் கூப்பிடுவான்? நான் மைதானத்தைச் சுற்றி வந்து கால்தடங்களைப் பார்த்தேன். வெறுங்காலோடு ஆடிய வாடிப்பட்டி அணியின் தடத்தில் ஐந்து விரலும் அச்சாக விழுந்திருந்தது. நினைத்த இடத்தில் நின்று எம்பியிருக்கிறார்கள். கல்லூரிக்காரர்களின் தடம் ஒரு முழத்துக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தது. எல்லாம் ரப்பர் தேய்ந்து வழுவழுத்துப்போன கான்வாஸ் பூட்ஸ். மற்ற அணிகளின் தடங்களையும் விடாமல் பார்த்துவிட்டு, சறுக்காத நான்கு அணிகளை எண்ணிக்கொண்டு வந்தேன்.

"சார், மண்ணு கோளாறுன்னா எவன் செயிப்பான்னு எவனாலயும் சொல்ல முடியாது. நான் சொல்றேன், கேளுங்க. மில்லு, போலீசு, நம்ம பள்ளிக்கூடத்துப் பழைய பயலுக, வாடிப்பட்டி. இந்த நாலுதான் மேல போகும். ஒண்ணு தப்புனாலும் நானே மம்பட்டி எடுத்துக் கொத்திப்புடுறேன்."

"காலேஜு போகாதா? கோப்பை வாங்குனவனுகய்யா!"

"வாங்குனா வாங்கட்டும். இந்த வருசம் போக மாட்டானுக."

பக்கத்தில் நின்ற ஹெட்மாஸ்டர் சிரித்துக்கொண்டே, "எழுதிப் போடுங்க" என்றார். நான் சொன்ன நான்கு அணிகளின் பேரும் கரும்பலகையில் ஏறின.

கடைசி நாள் வந்தது. நான் சொன்னதில் மூன்று அணிகள் மேலே போயாயிற்று. மிச்சம் ஓர் இடம். அதற்கு வாடிப்பட்டியும் கல்லூரியும் மோதின. பாதி ஆட்டத்தில் வாடிப்பட்டி எட்டுப் புள்ளி முன்னால் நின்றது. கல்லூரித் தலைவன் தண்ணீர் குடிக்க வந்தவன் என்னை முறைத்தான்.

"மேஸ்திரி அண்ணே, மண்ணுல எண்ணெய் கிண்ணெய் ஊத்தி வச்சீகளா?"

"ஏன் மாப்ள, நீங்க என்ன பூட்சோடயா பொறந்தீக? அந்தா நிக்கிறானே வாடிப்பட்டிக்காரன், அவன் கால்ல என்னத்த மாட்டியிருக்கான்?"

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. குனிந்து தன் காலைப் பார்த்தான். அங்கேயே உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தான். மற்ற நான்கு பேரும் அவிழ்த்தார்கள். அப்போதுதான் கரும்பலகையில் ஏற்றிய என் கணக்கு நினைவுக்கு வந்தது. மறுபடி மாட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லவா முடியும்?

கல்லூரிக்காரர்களும் எல்லாம் கிராமத்துப் பிள்ளைகள்தான். களத்துமேட்டில் ஓடுவது போல ஓடினார்கள். இரண்டு புள்ளியில் ஜெயித்தார்கள்.

"நாலுல மூணுதான் மேஸ்திரி. எடுய்யா மம்பட்டிய" என்றார் டிரில் வாத்தியார்.

எடுத்தேன். சொன்ன சொல்லில் நிற்கிறவன் நான். கல்லூரித் தலைவன் வெறுங்காலோடு வந்து குறுக்கே நின்றான்.

"சார், பூட்ஸக் கழட்டுனதுக்கப்புறம் எங்கள்ல ஒருத்தனாச்சும் விழுந்தானா? மண்ணுல குத்தமில்ல சார்."

"மம்பட்டியை வச்சிட்டு வாங்க மேஸ்திரி. மைதானம் இருக்கட்டும்" என்றார் ஹெட்மாஸ்டர்.

என் கணிப்பு தப்பியது என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். நான் கணித்தது பூட்ஸ் போட்ட கல்லூரியை. வெறுங்கால் கல்லூரியை உண்டாக்கியதே நான்தானே!

இப்போது அந்தப் பள்ளியில் ஆண்டு விழா மலர் அச்சாகிறது. அதில், "டிரில் ஆசிரியரின் சமயோசித யோசனையால் கல்லூரி அணியினர் காலணி களைந்து வென்றனர்" என்று இருப்பதை என் பேரனை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் அப்போது மைதானத்தின் அந்தக் கோடியில் நின்றுகொண்டிருந்தார். அந்த வரியை அடிக்க வேண்டும். யோசனை சொன்னவன் மைதானம் போட்ட மேஸ்திரி என்று, என் பேரோடு, அதே பக்கத்தில், அதே பெரிய எழுத்தில் போட வேண்டும். அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தாயிற்று என்று சாக்குச் சொல்லக் கூடாது. பிரித்துக் கோக்கட்டும்.